இம்மாதப் பாடம்: எடை மெஷினுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, தீர்மானம் எழுதும் முறை என்று எத்தனையோ பாடங்களை இந்தப் பக்கத்தில் படித்துவிட்டோம். இந்த மாதம் கொஞ்சம் வேறு மாதிரி. எலக்ட்ரானிக்ஸ் பாடம்! “நமக்கு எதுக்குங்க அதெல்லாம்?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் சமூகப் பணி படித்தவள்தான். டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவதோடு என் எலக்ட்ரானிக்ஸ் அறிவு முடிந்துவிடும். ஆனால் போன புளி சீசனில் ஒரு குழுவில் நடந்த சம்பவம் என்னையும் உட்கார வைத்துப் பாடம் படிக்க வைத்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சாவியை மேஜையில் வைத்த ஊக்குநர்

அந்தக் குழு உறுப்பினர்களிடம் புளி வாங்கி, மொத்தமாகச் சேர்த்து வியாபாரிக்கு விற்கிறது. குழுவுக்குச் சொந்தமாக 50 கிலோ வரை நிறுக்கும் எலக்ட்ரானிக் எடை மெஷின் இருக்கிறது. எடை போடுவதும், நோட்டில் எழுதுவதும், அறைச் சாவியை வைத்திருப்பதும் ஊக்குநர் அக்காதான்.

ஒரு லோடு 300 கிலோ என்று நோட்டில் இருக்கும். வியாபாரியின் மெஷினில் 288 கிலோ காட்டும். 12 கிலோ எங்கே போச்சு? முதல் தடவை “புளி காய்ஞ்சிருக்கும்” என்று சமாதானம் சொன்னார்கள். இரண்டாவது தடவை “வியாபாரி ஏமாத்துறார்” என்றார்கள். மூன்றாவது தடவையும் அதே 12 கிலோ குறைந்தபோது, பேச்சு வேறு பக்கம் திரும்பியது. யாரும் நேராகச் சொல்லவில்லை. “சாவி ஒருத்தர்கிட்டத்தானே இருக்கு” என்று மட்டும் ஒருவர் முணுமுணுத்தார்.

ஊக்குநர் அக்கா எழுந்து, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். “பத்து வருஷமா இந்தக் குழுவுல இருக்கேன். நாளையிலேர்ந்து வேற யாராவது பாத்துக்கோங்க” என்றார். கூட்டம் ஊமையாகிவிட்டது. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. குழு உடைவதற்குப் பணம் காணாமல் போக வேண்டியதில்லை. சந்தேகம் ஒன்றே போதும் அல்லவா?

அப்போது வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டாள். உறுப்பினர் ஒருவரின் மகள், பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். “எல்லாரும் மனுஷங்களையே சந்தேகப்படுறீங்களே, மெஷினை யாராவது சோதிச்சுப் பாத்தீங்களா?”

“மெஷின் எப்படிம்மா பொய் சொல்லும்? நம்பர்ல காட்டுதே!” என்றார் ஒரு பெரியம்மா.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கூட்டத்தை ஒத்திவைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் லேப்டாப்புமாக வந்தாள். அன்று கற்றதுதான் இனி வரும் பாடம்.

முதல் பாடம்: கண் சிமிட்டும் விளக்கு

டப்பாவிலிருந்து தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு நீல அட்டையை எடுத்தாள். ஓரங்களில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். “இதுக்குப் பேர் ஆர்டுயினோ, அக்கா. குட்டிக் கம்ப்யூட்டர்னு வச்சுக்கோங்க” என்றாள்.

இந்த அட்டை 2005ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் இவ்ரியா என்ற ஊரில், ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் உருவானது. எலக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களும் தொட்டுப் பழகட்டும் என்பதுதான் நோக்கம். அதன் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று திறந்தே வைத்துவிட்டார்கள். அதனால்தான் அது உலகமெங்கும் பரவி, நம் ஊர்ப் பெண்ணின் டப்பாவுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

லேப்டாப்பில் அவள் எழுதியது ஆங்கில எழுத்துகளில் இருந்தது. நமக்குப் புரியும்படி சொன்னால் இவ்வளவுதான்:

1. விளக்கை ஏற்று.
2. 1000 அளவு நேரம் காத்திரு. (ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் வரும் 1000. அதாவது ஒரு விநாடி.)
3. விளக்கை அணை.
4. 1000 அளவு நேரம் காத்திரு.
5. மறுபடி முதலிலிருந்து ஆரம்பி.

வயரைச் செருகி அனுப்பியதும், அட்டையில் ஒரு கடுகளவு விளக்கு ‘பளிச்… பளிச்’ என்று எரிந்து அணைந்தது. “இதுல என்ன அதிசயம்? சீரியல் லைட்டே இப்படித்தானே எரியுது” என்றார் பெரியம்மா.

அடுத்து அவள் செய்ததுதான் என் கண்ணைத் திறந்தது. “அக்கா, நீங்களே அந்த 1000ங்கிறதை 200 ஆக்குங்க” என்றாள். நான் பயந்து பயந்து இரண்டு இடத்திலும் மாற்றினேன். விளக்கு வேகமாகச் சிமிட்ட ஆரம்பித்தது. யாரும் வயரைத் தொடவில்லை. ஸ்க்ரூவைத் திருகவில்லை. பொருள் அதேதான். ஓர் எண் மாறியது, பொருளின் குணமே மாறிவிட்டது.

பிறகு அவள் டப்பாவிலிருந்து ஒரு தனி விளக்கை எடுத்து, கூடவே மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ஒரு சின்ன மின்தடையையும் சேர்த்து வயரில் மாட்டினாள். அதுவும் சிமிட்டியது. விளக்கைத் தலைகீழாக மாட்டியதும் எரியவில்லை. அந்த வகை விளக்குக்கு நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸாம். மாற்றி மாட்டினால் மின்சாரம் போகாது. “இப்போ எழுதுன கட்டளைல ஒரு தப்பும் இல்லை. அது பாட்டுக்கு ‘ஏத்து, அணை’னு சொல்லிக்கிட்டேதான் இருக்கு. ஆனா விளக்கு எரியலைங்கிறது அதுக்குத் தெரியவே தெரியாது” என்றாள்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கையால் தொடக்கூடிய அட்டை, வயர், விளக்கு இவைதான் வன்பொருள். தொட முடியாத கட்டளைகளும் எண்களும்தான் மென்பொருள்.

மார்கழிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். மாவும், கையும், சாணி தெளித்த வாசலும் வன்பொருள். “15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை” என்று மனதில் இருக்கும் கணக்கு மென்பொருள். மாவு நல்ல மாவாக இருந்தும் கணக்கு தவறினால் கோலம் கோணும். கணக்குச் சரியாக இருந்தும் மாவில் ஈரம் இருந்தால் கோடு விட்டு விட்டு விழும். கோலம் நன்றாக வர இரண்டும் வேண்டும். தப்பு வந்தாலும் இரண்டில் எதில் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: வளையும் இரும்பு

அடுத்து ஒரு விரல் நீள அலுமினியக் கட்டையை எடுத்தாள். நடுவில் ஓட்டை. பக்கவாட்டில் வெள்ளைப் பசை. அதிலிருந்து நான்கு வயர். “இதுதான் லோட் செல். நம்ம எடை மெஷின் தட்டுக்குக் கீழேயும் இது மாதிரி ஒண்ணுதான் இருக்கு. இந்தக் குட்டிக் கட்டை 5 கிலோ வரைக்கும் தாங்கும்” என்றாள்.

பழைய தராசில் ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் பொருள். கல்லையும் பொருளையும் முள் ஒப்பிட்டுக் காட்டும். எலக்ட்ரானிக் மெஷினில் கல் கிடையாது. பின்னே எப்படி எடை தெரிகிறது?

தட்டில் பொருளை வைத்தால் அந்த அலுமினியக் கட்டை வளைகிறது. ஆமாம், உலோகக் கட்டைதான், வளைகிறது! ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, மிக மிகக் கொஞ்சமாக. எடையை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துவிடும். அந்தக் கட்டைமேல் நான்கு மெல்லிய உலோக இழைகளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கட்டை வளையும்போது சில இழைகள் இழுபடும், சில இழைகள் சுருங்கும்.

ரப்பர் பேண்டை இழுத்தால் நீளமாகி மெலியும் அல்லவா? இழையும் அப்படித்தான். நீண்டு மெலிந்த குழாயில் தண்ணீர் போவது கஷ்டம். நீண்டு மெலிந்த இழையில் மின்சாரம் போவதும் கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்குப் பெயர்தான் மின்தடை. எடை கூடக் கூட இழையின் மின்தடை மாறும். மின்தடை மாறினால் வெளியே வரும் மின் அழுத்தம் மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் எடை தெரிந்துவிடும்.

“அவ்வளவுதானா? மாட்டிப் பாத்துடலாம்” என்று நானே இரண்டு வயரை எடுத்து நீல அட்டையில் செருகிவிட்டேன். புது ஆர்வம்! ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தேன். லேப்டாப்பில் எண் அசையவே இல்லை. “கெட்டுப்போச்சா?” என்று பயந்தேன்.

அவள் சிரித்துக்கொண்டே கணக்குச் சொன்னாள். இந்தக் கட்டையில் ஒரு கிலோ வைத்தால் கிடைக்கும் மாற்றம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். டார்ச் லைட் செல் ஒன்றில் 1.5 வோல்ட் இருக்கிறது. அதில் 1500இல் ஒரு பங்கு! நீல அட்டையோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்துத்தான் பார்க்கும். ஒரு படி என்பது ஏறக்குறைய ஆயிரத்தில் ஐந்து வோல்ட். ஒரு கிலோவின் மாற்றம் அதில் ஒரு படி கூட ஏறாது. மூட்டை தூக்கும் தராசில் ஒரு மூக்குத்தியை வைத்து நிறுத்த கதைதான்.

அதற்காகத்தான் நடுவில் இன்னொரு குட்டிச் சில்லு வேண்டும். அவளிடம் இருந்ததன் பெயர் எச்.எக்ஸ்.711. எடை அளப்பதற்கென்றே செய்யப்பட்டது. கட்டையிலிருந்து வரும் அந்தச் சின்ன மாற்றத்தை 128 மடங்கு பெரிதாக்கும். பிறகு தான் அளக்கக்கூடிய மொத்த அளவையும் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் நிற்கிறது என்று எண்ணாகச் சொல்லும். ஒரு விநாடிக்கு 10 முறை சொல்லும்.

அதை மாட்டியதும் திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. தட்டு காலியாக இருக்கும்போது ஏறக்குறைய 50,000. கடைசி இலக்கங்கள் மட்டும் நிற்காமல் துள்ளிக்கொண்டே இருந்தன. மின்விசிறிக் காற்றுக்குக்கூட அசைந்தது. உண்மையில் எந்த மெஷினும் உள்ளுக்குள் இப்படித்தான் துள்ளிக்கொண்டிருக்குமாம். பத்துப் பதினைந்து எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்துத்தான் நமக்கு நிலையாகக் காட்டுகிறது.

மூன்றாம் பாடம்: கணக்குப்பிள்ளை

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கவனமாகப் படியுங்கள்.

முத்திரை குத்திய ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தோம். எண் 4,80,000 ஆனது. இந்த 4,80,000 என்பது கிலோவா, கிராமா? ஒன்றும் இல்லை. வெறும் படி எண். அலுமினியக் கட்டைக்கும் சில்லுக்கும் கிராம் என்றால் என்னவென்றே தெரியாது. யாராவது சொல்லித்தர வேண்டும்.

எங்களையே கணக்குப் போடச் சொன்னாள்:

- எடைக்கல்லோடு வந்த எண்: 4,80,000
- காலித் தட்டின் எண்: 50,000
- கழித்தால்: 4,30,000. இது ஒரு கிலோவுக்கு, அதாவது 1000 கிராமுக்கு.
- ஒரு கிராமுக்கு: 4,30,000 ÷ 1000 = 430

“இந்த 430ஐ மெஷினுக்குச் சொல்லிக் குடுத்துட்டா போதும். இனிமே எதை வச்சாலும், வந்த எண்ல காலித் தட்டு எண்ணைக் கழிச்சு, 430ஆல வகுத்து கிராம் சொல்லிடும்.”

ஒரு கைப்பிடி புளியை வைத்தோம். 2,65,000 வந்தது. 50,000 போக 2,15,000. அதை 430ஆல் வகுத்தால் 500. திரையில் 500 கிராம்! அந்தப் பெரியம்மாவே கை தட்டிவிட்டார்.

ஆக, எடை மெஷினுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் இரண்டே இரண்டு எண்கள். ஒன்று, காலித் தட்டின் எண். நாம் ‘ஜீரோ’ அல்லது ‘டேர்’ பட்டனை அழுத்தும்போதெல்லாம் மாறுவது இதுதான். மற்றொன்று, ஒரு கிராமுக்கு எத்தனை படி என்ற எண். இது நம் கையில் இல்லை. மெஷினைச் செய்தவரோ பழுது பார்த்தவரோ எடைக்கல் வைத்துச் சொல்லிக் கொடுப்பது. இதைத்தான் ‘காலிப்ரேஷன்’ என்கிறார்கள்.

“இப்போ பாருங்க” என்று அந்தப் பெண் 430ஐ அழித்துவிட்டு 473 என்று எழுதினாள். அதே ஒரு கிலோ எடைக்கல். திரையில் 909 கிராம்! எங்களுக்குப் பகீர் என்றது. கிலோவுக்கு 91 கிராம் மாயம். பத்து கிலோ விற்றால் ஏறக்குறைய ஒரு கிலோ சும்மா போய்விடும்.

அடுத்து 413 என்று எழுதினாள். அதே எடைக்கல் இப்போது 1041 கிராம். இல்லாத 41 கிராம் எங்கிருந்தோ வந்துவிட்டது.

எடைக்கல் மாறவில்லை. கட்டை மாறவில்லை. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எண்கள் பளிச்சென்று சிவப்பாக எரிகின்றன. “நம்பர்ல காட்டுதே” என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

குழுவின் மெஷினைச் சோதித்தோம்

எல்லோருமாக அறைக்குப் போனோம். மளிகைக் கடையிலிருந்து முத்திரை உள்ள எடைக்கற்களை இரவல் வாங்கி வந்தோம். ஒவ்வொன்றாக வைத்து நோட்டில் எழுதினோம்:

- 5 கிலோ கல்: மெஷின் காட்டியது 5.21
- 10 கிலோ கல்: மெஷின் காட்டியது 10.42
- 20 கிலோவுக்குக் கற்கள்: மெஷின் காட்டியது 20.83

யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மெஷின் கூடுதலாகக் காட்டுகிறது. உண்மையில் 24 கிலோ இருந்தால் 25 கிலோ என்கிறது. அப்படியானால் நோட்டில் 300 கிலோ என்று இருப்பது உண்மையில் 288 கிலோ. வியாபாரி சொன்னதும் 288 கிலோதானே!

வியாபாரியும் ஏமாற்றவில்லை, புளியும் காயவில்லை, சாவி வைத்திருந்தவரும் எடுக்கவில்லை. இல்லாத 12 கிலோவுக்குக் குழுவே உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் லோடுக்கு 1,200 ரூபாய்.

எப்போதிலிருந்து இப்படி? நோட்டைப் புரட்டினோம். முதல் இரண்டு லோடுகளில் ஒரு கிலோ கூடக் குறையவில்லை. பிறகு மெஷின் கீழே விழுந்து, பழுது பார்க்கப் போய் வந்திருக்கிறது. அதற்குப் பின் வந்த மூன்று லோடிலும் குறைவு. பழுது பார்த்த தம்பியைக் கேட்டோம். ஒளிக்காமல் சொன்னார்: “லோட் செல் வளைஞ்சிருந்துச்சு, புதுசு மாத்தினேன். பெரிய எடைக்கல் கைவசம் இல்லை. 25 கிலோ அரிசி மூட்டையை வச்சு செட் பண்ணிட்டேன்.” அந்த மூட்டை 24 கிலோதான் இருந்திருக்க வேண்டும். மெஷினுக்கு அவர் “இது 25” என்று சொல்லிக் கொடுத்தார். அது அப்படியே நம்பியது. சொன்னதைச் செய்வதைத் தவிர அதற்கு வேறென்ன தெரியும்?

வன்பொருளை மாற்றினார், அதோடு சேர்ந்து மாற வேண்டிய எண்ணைச் சரியாக மாற்றவில்லை. அவ்வளவுதான் தவறு. அது ஒரு மனுஷியின் பத்து வருட நல்ல பெயரைக் கொண்டுபோக இருந்தது.

அன்று முணுமுணுத்த அக்காவே சாவியை எடுத்து ஊக்குநர் கையில் கொடுத்தார். “மன்னிச்சிரு புள்ள” என்று ஒரே வார்த்தை. ஊக்குநர் அக்கா உடனே வாங்கிக்கொள்ளவில்லை. “முதல்ல தீர்மானப் புத்தகத்துல எழுதுங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்” என்றார். சரிதானே? சந்தேகம் பத்துப் பேர் முன்னால் வந்தது. தீர்ந்ததும் பத்துப் பேர் கையெழுத்தோடுதான் தீர வேண்டும். எழுதினோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதிகமாகக் கொடுத்த தொகையை அடுத்த சீசன் புளிக் கணக்கில் அவரவர் பங்குப்படி கழித்துக்கொள்வது என்றும் முடிவானது.

நீங்களே சோதிப்பது எப்படி?

எந்த மெஷினையும் திறக்க வேண்டாம். முத்திரையை உடைப்பது குற்றம். வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். முத்திரை உள்ள எடைக்கல் ஒரு கிலோவும் ஐந்து கிலோவும் போதும்.

1. சமதளம்: மெஷின் ஆடாமல் இருக்க வேண்டும். நீர்மட்டக் குமிழி இருந்தால் அது நடுவில் நிற்க வேண்டும். தட்டைச் சுவரோ சாக்கோ தொடக் கூடாது.
2. காலித் தட்டு: எண் பூஜ்யமாக இருக்கிறதா? எடையை வைத்து எடுத்தபின் மறுபடி பூஜ்யத்துக்கு வருகிறதா?
3. இரண்டு எடை: ஒரு கிலோ வைத்தால் 0.950, ஐந்து கிலோ வைத்தால் 4.950 என்றால் இரண்டிலும் 50 கிராமே குறைகிறது. அது ‘ஜீரோ’ பிழை. பட்டனை அழுத்திச் சரிசெய்யலாம். ஒரு கிலோவில் 0.950, ஐந்து கிலோவில் 4.750 என்றால் எடையோடு சேர்ந்து குறைவும் வளர்கிறது. அது காலிப்ரேஷன் பிழை. பட்டனால் தீராது.
4. நான்கு மூலை: அதே எடைக்கல்லை நடுவிலும் நான்கு மூலையிலும் வையுங்கள். இடத்துக்கு இடம் நன்றாக மாறினால் தட்டோ லோட் செல்லோ பழுது.
5. எண் நிற்காமல் ஓடுகிறதா? காற்று, சார்ஜ் இல்லாத பேட்டரி, தளர்ந்த வயர் இவற்றைப் பாருங்கள்.

ஒரே ஓர் எடையை மட்டும் வைத்துச் சோதித்தால் எந்தப் பிழை என்று தெரியாது. அதனால்தான் இரண்டு எடை.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இல் வந்தது, 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. வாங்க, விற்கப் பயன்படுத்தும் எலக்ட்ரானிக் மெஷினை ஆண்டுக்கு ஒரு முறை சோதித்து முத்திரை பெற வேண்டும். அதற்கான சான்றிதழைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். பழுது பார்த்த மெஷினை மறுபடி முத்திரை பெறாமல் பயன்படுத்தக் கூடாது. பழுது பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும்.

இது வியாபாரிக்கு மட்டும் இல்லை. குழு வாங்கினாலும் விற்றாலும் குழுவின் மெஷினுக்கும் பொருந்தும். நமது மாநிலத்தில் இந்த வேலையைப் பார்ப்பது தொழிலாளர் துறை. சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்டத்திலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அந்தக் குழு உரிமம் உள்ளவரிடம் மெஷினைச் சரிசெய்து, முத்திரையும் வாங்கிவிட்டது. 5 கிலோ எடைக்கல் ஒன்றையும் சொந்தமாக வாங்கியிருக்கிறார்கள். எடை போடும் நாளில் முதலில் கல்லை வைத்து, காட்டும் எண்ணை நோட்டின் மேல் வரியில் எழுதிவிட்டுத்தான் மூட்டையைத் தூக்குகிறார்கள். எழுதுவது ஊக்குநர் அக்கா. பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது வேறொரு உறுப்பினர், முறை வைத்து.

நினைவில் வையுங்கள்

- மெஷின் என்பது பொருளும் கணக்கும் சேர்ந்தது. ஒன்றை மாற்றினால் மற்றதையும் சோதிக்க வேண்டும்.
- மெஷின் பொய் சொல்லாது. ஆனால் நாம் தப்பாகச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும்.
- அடுத்தவர் மெஷினைச் சந்தேகிக்கும் முன் நம் மெஷினைச் சோதிப்போம். மனுஷரைச் சந்தேகிக்கும் முன் இரண்டு மெஷினையும் சோதிப்போம்.
- கணக்கு நோட்டைத் தேதி போட்டு எழுதுங்கள். அன்று ஊக்குநரைக் காப்பாற்றியது அந்தத் தேதிகள்தான்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் ஊரில் பால், பூ, புளி, பருத்தி எதையெல்லாம் மெஷினில் எடை போட்டு விற்கிறோம்? அவற்றில் எத்தனை மெஷினில் இந்த ஆண்டு முத்திரை இருக்கிறது?
2. ஒரு மெஷினில் 2 கிலோ கல் 2.100 காட்டுகிறது. 4 கிலோ கல் 4.100 காட்டுகிறது. இது எந்தப் பிழை? 4 கிலோ கல் 4.200 காட்டினால் எந்தப் பிழை?
3. நம் குழுவில் யார்மேலாவது சந்தேகம் வந்து, பிறகு அது தவறு என்று தெரிந்திருக்கிறதா? அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினோமா?

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் இந்தப் பாடம் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெண் வயரும் விளக்குமாக எதையாவது பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தால், “பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இது?” என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “இது என்ன செய்யும்?” என்று கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன்.